கோடு எந்தப் பக்கம் சாய்கிறது?

"மாமா, இது புள்ளியையே தெரியாதுன்னு சொல்லுது" என்றாள் அக்கா மகள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கல்லூரியில் கொடுத்திருந்த ஆண்ட்ராய்டு பயிற்சிக்காக மடிக்கணினியோடு இரண்டு மணி நேரமாகப் போராடிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட் கறுப்பாகத் திறந்திருந்தது. பயிற்சி வழிகாட்டியில் இருந்த வரியை எழுத்து பிசகாமல் அடித்திருந்தாள்: முதலில் ஒரு புள்ளி, அடுத்து ஒரு சாய்கோடு, அதையொட்டி கிரேடில் கருவியை இயக்கும் சிறு நிரலின் பெயர். கணினி திருப்பிச் சொன்னது இதுதான்: '.' என்பது உள்கட்டளையும் இல்லை, வெளிக்கட்டளையும் இல்லை, இயக்கக்கூடிய நிரலும் இல்லை. அவள் அடித்த நிரலின் பெயரைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு சொல் கிடையாது. புள்ளியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது.

தான்தான் ஏதோ தவறாக நிறுவிவிட்டோம் என்று நினைத்து, ஜாவாவை இரண்டு முறை நீக்கிவிட்டு மறுபடி நிறுவியிருக்கிறாள். கோளாறு அவளிடமும் இல்லை, ஜாவாவிடமும் இல்லை. வழிகாட்டியை எழுதியவர் லினக்ஸிலோ மேக்கிலோ வேலை செய்பவர். அவர் கணினியில் அந்த வரி ஓடும். விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட்டில் அந்தக் கோடு இடப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மென்பொருள் ஆவணங்களில் இப்படி ஒற்றைக் கோட்டைத் திருத்தும் வேலையைச் சில ஆண்டுகளாக நான் செய்துவருகிறேன். பார்வைக்கு எழுத்துப்பிழை திருத்துவதுபோல இருக்கும். ஆனால் எழுத்துப்பிழையை வாசிக்கிறவர் மனதுக்குள்ளேயே சரிசெய்துகொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். கணினி அப்படிப் போகாது.

முதலில் பெயர்களைத் தீர்த்துக்கொள்வோம். / என்பது சாய்கோடு. நாம் எழுதும் திசையில், தலை வலப்பக்கம் சாய்ந்து நிற்பது. \ என்பது பின்சாய்கோடு. தலை இடப்பக்கம் விழுந்திருப்பது. தொலைபேசியில் ஒருவருக்கு வழி சொல்லும்போது "ஸ்லாஷ் போடுங்க" என்றால் பாதிப் பேர் தப்பானதைப் போடுவார்கள். "கேள்விக்குறி இருக்கிற கீயா, என்டருக்கு மேலே இருக்கிற கீயா?" என்று கேட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். நம் ஊரில் புழங்கும் பெரும்பாலான விசைப்பலகைகளில் இரண்டும் அந்த இடங்களில்தான் இருக்கின்றன. கணினிக்கோ இந்தச் சாய்வெல்லாம் கண்ணில் படாது. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் சாய்கோட்டின் எண் 47, பின்சாய்கோட்டின் எண் 92. 'க'வும் 'ங'வும் எப்படி வேறு வேறு எழுத்தோ, இந்த இரண்டும் அப்படித்தான்.

சாய்கோடு பழைய குறி. அச்சிலும் கணக்கிலும் நெடுங்காலமாக இருப்பது. பின்சாய்கோடு கணினி எழுத்துத் தொகுப்புக்குள் வந்த கதை தனி. 1960களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் இருந்த பாப் பெமர் என்பவர், உருவாகிக்கொண்டிருந்த ஆஸ்கி தொகுப்பில் இதற்கு ஓர் இடம் கேட்டார். அல்கால் என்ற நிரல்மொழியில் 'மற்றும்', 'அல்லது' என்பவற்றுக்குக் கூரைபோல ஒரு குறியும், கவிழ்த்த கூரைபோல இன்னொரு குறியும் இருந்தன. சாய்கோட்டையும் பின்சாய்கோட்டையும் அடுத்தடுத்து வைத்தால் /\ என்றும் \/ என்றும் இரண்டு குறிகளும் கிடைத்துவிடும். அதற்காகத்தான் கேட்டார். 1963இல் வெளிவந்த முதல் ஆஸ்கி தரத்தில் பின்சாய்கோடு இடம்பெற்றது. கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்வதற்கு அதைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அன்று யாருக்கும் இருக்கவில்லை.

கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் இன்னொன்று என்று அடுக்கி வைக்கும் ஏற்பாட்டைப் பெரிய அளவில் செய்துகாட்டியது மல்ட்டிக்ஸ் என்ற இயங்குதளம். அதில் ஒவ்வொரு படியையும் பிரித்துக்காட்ட > என்ற குறியை வைத்தார்கள். மல்ட்டிக்ஸ் திட்டத்திலிருந்து பெல் ஆய்வகம் விலகிய பிறகு, அங்கே வேலை செய்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969 முதல் யூனிக்ஸை உருவாக்கினார்கள். அதில் பாதையைப் பிரிக்கச் சாய்கோடு வந்தது. கட்டளைக்குக் கூடுதல் விருப்பங்கள் சொல்ல வேண்டுமானால் சிறுகோடு. இன்றைய லினக்ஸும் மேக்கும் ஆண்ட்ராய்டும் அந்த வழியில் வந்தவை. இணைய முகவரிகளில் சாய்கோடு இருப்பதும் அதே மரபின் தொடர்ச்சிதான்.

விண்டோஸின் கோடு ஏன் திரும்பியது? "யூனிக்ஸிலிருந்து வேறுபட்டுக் காட்ட மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே செய்தது" என்று பலர் நம்புகிறார்கள். உண்மை அதைவிட எளியது, கொஞ்சம் வருத்தமும் தருவது. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கணினிகளில் கட்டளை விருப்பங்களைச் சாய்கோடு போட்டுச் சொல்லும் பழக்கம் இருந்தது. நுண்கணினி உலகமும் அதைப் பார்த்து வளர்ந்தது. 1980இல் சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் ஓர் இயங்குதளம் எழுதினார். கேரி கில்டாலின் சிபி/எம் தளத்துக்காக எழுதப்பட்ட நிரல்களை எளிதில் மாற்றிக்கொள்ளும்படி அமைந்தது அது. மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தபோது அதுவே டாஸ் என்ற பெயரில் உடன் வந்தது.

அந்த முதல் டாஸில் கோப்புறை என்ற ஒன்றே கிடையாது. ஒரு நெகிழ்வட்டில் 160 கிலோபைட் இடம். அதில் அதிகபட்சம் 64 கோப்புகள். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக ஓடவிட்டுப் பார்த்துவிடலாம், பாதைக்கு அவசியமே இல்லை. கட்டளைக்கு விருப்பம் ஏதும் சொல்ல வேண்டுமானால், அதன் பின்னால் ஒரு சாய்கோடும் ஓர் எழுத்தும் அடித்தால் போதும். இப்படிச் சாய்கோடு ஒரு வேலையில் அமர்ந்துவிட்டது. ஐபிஎம்மின் துணை நிரல்களும் அதே பழக்கத்தில் எழுதப்பட்டன.

1983 மார்ச்சில் ஐபிஎம் பிசி எக்ஸ்டி வந்தது. அதில் 10 மெகாபைட் வன்தட்டு, அதாவது அறுபதுக்கும் மேற்பட்ட பழைய நெகிழ்வட்டுகளின் கொள்ளளவு ஒரே பெட்டிக்குள். இனி ஒற்றைப் பட்டியல் தாங்காது. அதனோடு வந்த டாஸ் 2.0 பதிப்பில் கோப்புறைகளைச் சேர்த்தார்கள். யூனிக்ஸைத் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். மைக்ரோசாஃப்டே ஸெனிக்ஸ் என்ற பெயரில் ஒரு யூனிக்ஸை விற்றுக்கொண்டிருந்தது. கோப்புறை என்ற கருத்தை அங்கிருந்துதான் எடுத்தார்கள். சாய்கோட்டை மட்டும் எடுக்க முடியவில்லை. அது ஏற்கெனவே விருப்பங்களுக்குப் போய்விட்டது. அதன் வேலையை மாற்றினால், இரண்டு ஆண்டுகளாக மக்கள் எழுதி வைத்திருந்த தொகுதிக் கோப்புகள் எல்லாம் உடைந்துபோகும். பார்வைக்கு நெருங்கிய உறவான பின்சாய்கோடு விசைப்பலகையில் சும்மா இருந்தது. அதைக் கொண்டுவந்து அமர்த்தினார்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. டாஸ் 2.0இன் அடிப்பகுதி, அதாவது கோப்பைத் திறந்து தரும் பகுதி, இரண்டு கோடுகளையும் ஏற்றுக்கொண்டது. விருப்பக் குறியைச் சாய்கோட்டிலிருந்து வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ள 'ஸ்விட்ச்சார்' என்று ஓர் அமைப்பும் இருந்தது. யூனிக்ஸ் பழகியவர்கள் சிறுகோட்டை விருப்பத்துக்கு வைத்துக்கொண்டு, சாய்கோட்டைப் பாதைக்குப் பயன்படுத்தலாம். பிந்தைய பதிப்புகளில் அந்த அமைப்பு எடுக்கப்பட்டது. ஆனால் இரண்டு கோட்டையும் ஏற்கும் குணம் போகவில்லை. இன்றைய விண்டோஸ் வரை தொடர்கிறது.

இங்கேதான் ஆவணம் திருத்துகிறவர் நின்று யோசிக்க வேண்டும். "விண்டோஸ் பின்சாய்கோட்டைத்தான் ஏற்கும்" என்பது பாதி உண்மை. விண்டோஸின் உட்பகுதிக்கு எந்தக் கோடானாலும் பெரும்பாலும் ஒன்றுதான். கோட்டைப் பார்த்து முகம் சுளிப்பது, உட்பகுதிக்கும் நமக்கும் நடுவில் நிற்கும் நிரல். எனவே ஒரு வழிகாட்டியில் எந்தக் கோட்டைத் திருத்தப் போனாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது, இந்த வரியைப் படிக்கப் போவது எந்த நிரல் என்பதைத்தான். அது தெரியாமல் திருத்தினால் சரியாக இருந்ததையும் கெடுத்துவிடுவோம்.

அக்கா மகளின் திரைக்குத் திரும்புவோம். அங்கே படித்தது கமாண்ட் பிராம்ப்ட். 1981இலிருந்து வந்த பழக்கத்தை அது இன்னும் விடவில்லை. சாய்கோட்டைக் கண்டதும் 'கட்டளையின் பெயர் முடிந்தது, இனி விருப்பம்' என்று முடிவுசெய்கிறது. அவள் அடித்த வரியில் சாய்கோட்டுக்கு முன்னால் இருந்தது ஒரு புள்ளி மட்டுமே. ஆகவே கட்டளையின் பெயர் புள்ளி. மீதியெல்லாம் அந்தப் புள்ளிக்குக் கொடுத்த விருப்பம். 'புள்ளி' என்ற நிரலைத் தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை, அப்படியே சொன்னது. அந்தச் செய்தியில் பொய் ஏதும் இல்லை. அது எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொள்ள நாற்பது ஆண்டு வரலாறு தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அதே மடிக்கணினியில், அதே வரியை பவர்ஷெல் என்ற இன்னொரு சாளரத்தில் ஒட்டினேன். ஓடியது. 2006இல் வெளிவந்த பவர்ஷெல், பாதையில் இரண்டு கோடுகளையும் ஏற்கும். அவளுடைய வகுப்புத் தோழிகள் சிலருக்கு எந்தச் சிக்கலும் வராததற்குக் காரணம் இதுதான். அவர்கள் எடிட்டருக்குள்ளேயே திறந்த முனையம் பவர்ஷெல்லாக இருந்திருக்கிறது. "அவங்களுக்கு ஓடுது, எனக்கு ஓடலை" என்று அவள் சொன்னபோது குரல் கம்மியிருந்தது. ஆவணப் பிழைகளில் இந்த வகைதான் எனக்குப் பொறுக்காது. எல்லோருக்கும் தவறினால் யாராவது புகார் செய்து சரியாகிவிடும். பாதிப் பேருக்கு ஓடினால், மீதிப் பேர் தங்களுக்கு அறிவு போதவில்லை என்று எண்ணிக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.

மூன்றாவதாக ஒரு சாளரமும் உண்டு. கிட் மென்பொருளை விண்டோஸில் நிறுவினால் அதனோடு 'கிட் பாஷ்' வரும். அது யூனிக்ஸ் மரபில் வந்த பாஷ். அங்கே பின்சாய்கோடு பாதைக்கான குறி அல்ல. 'அடுத்த எழுத்தைச் சிறப்புப் பொருளில்லாமல் எடுத்துக்கொள்' என்ற சைகை. எக்ஸ்புளோரரிலிருந்து ஒரு பாதையை நகலெடுத்து மேற்கோள்குறி இல்லாமல் அங்கே ஒட்டினால், பின்சாய்கோடுகள் எல்லாம் உதிர்ந்துவிடும். சி:\வீடு\கணக்கு\மார்ச் என்று ஒட்டியது சி:வீடுகணக்குமார்ச் என்று ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு கோப்புறை இல்லை என்று பதில் வரும். ஆக, ஒரே கணினியில் மூன்று சாளரங்கள்: ஒன்று சாய்கோட்டில் தடுக்கி விழும், ஒன்று பின்சாய்கோட்டை விழுங்கும், ஒன்று இரண்டையும் ஏற்கும்.

பின்சாய்கோட்டுக்கு இந்தச் சைகை வேலை எங்கிருந்து வந்தது? தாம்சன் எழுதிய பி என்ற நிரல்மொழியில், மேற்கோளுக்குள் புதிய வரி போன்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைச் சொல்ல உடுக்குறியைப் பயன்படுத்தினார்கள். அதிலிருந்து ரிச்சி உருவாக்கிய சி மொழியில் அந்த வேலை பின்சாய்கோட்டுக்குப் போயிற்று. பின்சாய்கோட்டோடு 'என்' என்ற சிறிய ஆங்கில எழுத்து சேர்ந்தால் புதிய வரி; 'டீ' சேர்ந்தால் தத்தல் இடைவெளி. சி மொழியின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமான ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் எல்லாம் அதையே எடுத்துக்கொண்டன. இப்படி ஒரே குறிக்கு இரு வீட்டில் இரு வேலை. டாஸ் உலகில் அது படிக்கட்டு, நிரல்மொழி உலகில் அது மந்திரக்கோல். விண்டோஸில் நிரல் எழுதுகிறவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். சி வட்டில் ஆங்கில எழுத்தில் 'நியூ' என்று ஒரு கோப்புறை, அதற்குள் 'டெம்ப்' என்று இன்னொன்று. இந்தப் பாதையைப் பின்சாய்கோடுகளோடு அப்படியே ஒரு பைத்தான் நிரலில் மேற்கோளுக்குள் எழுதுகிறோம். பின்சாய்கோடும் 'நியூ'வின் முதல் எழுத்தும் சேர்ந்து புதிய வரியாகிவிடும். அடுத்த பின்சாய்கோடும் 'டெம்ப்'பின் முதல் எழுத்தும் சேர்ந்து தத்தலாகிவிடும். அச்சிட்டுப் பார்த்தால் முதல் வரியில் சி என்ற எழுத்தும் முக்காற்புள்ளியும் மட்டும். கீழே இரண்டாம் வரியில் தலையிழந்த 'நியூ', ஓர் இடைவெளி, தலையிழந்த 'டெம்ப்'. அப்படி ஒரு கோப்பு எந்த வட்டிலும் இருக்காது.

இதைவிடப் பரவலானது 'யூசர்ஸ்' கோப்புறை. விண்டோஸில் நம்முடைய ஆவணங்கள், படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அதன் முதல் எழுத்து பெரிய 'யூ'. பைத்தான் 3இல் பின்சாய்கோட்டை அடுத்துப் பெரிய 'யூ' வந்தால், அதற்குப் பின் எட்டு இலக்கப் பதினறும எண் ஒன்று வரும், அது ஒரு யூனிகோடு எழுத்தைக் குறிக்கும் என்று பொருள். எட்டு இலக்கங்களுக்குப் பதில் 'சர்ஸ்' என்று வருவதைக் கண்டு, நிரலை ஓட்டவே மறுத்து, 2-3ஆம் இடத்தில் யூனிகோடு முறிந்துவிட்டது என்கிறது. பாதை எழுதியவருக்கு யூனிகோடு எங்கிருந்து வந்தது என்றே விளங்காது. புள்ளிவிவர வேலைக்குப் பயன்படும் ஆர் மொழியிலும் இதே இடத்தில் இதே தடங்கல். நிரலாக்கம் கற்க வருகிறவர்கள் விண்டோஸில் தங்கள் முதல் தரவுக் கோப்பைத் திறக்கப்போய், தட்டும் முதல் கதவிலேயே இடித்துக்கொள்கிறார்கள்.

தமிழில் பெயரிட்ட கோப்புறைகளுக்கு இங்கே ஒரு சிறு பாதுகாப்பு உண்டு. விண்டோஸின் கோப்பு முறை யூனிகோடில் பெயர்களை வைத்திருப்பதால் 'கணக்கு', 'படங்கள்' என்று தாராளமாகப் பெயர் வைக்கலாம். பின்சாய்கோட்டை அடுத்து ஒரு தமிழ் எழுத்து வந்தால் அதற்கென்று பைத்தானில் சிறப்புப் பொருள் ஏதும் இல்லை. இரண்டையும் அப்படியே விட்டுவிடும். ஆனால் இதை நம்பி எழுதக் கூடாது. 2023இல் வந்த பைத்தான் 3.12 முதல், பொருளற்ற பின்சாய்கோட்டைக் கண்டால் வெளிப்படையாகவே எச்சரிக்கிறது.

இதற்கு வழி பல உண்டு. பின்சாய்கோட்டை இரட்டித்து எழுதலாம். மேற்கோளுக்கு முன்னால் 'ஆர்' என்ற எழுத்தைப் போட்டு, உள்ளே இருப்பதை உள்ளபடியே எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். பைத்தான் 3.4இல், 2014இல், வந்த பாத்லிப் என்ற நூலகத்தைப் பயன்படுத்தலாம். எல்லாவற்றிலும் எளியது, சாய்கோடே போட்டு எழுதிவிடுவது. நிரலுக்குள்ளிருந்து பாதை நேராக விண்டோஸின் உட்பகுதிக்குப் போகிறது; அங்கே இரண்டும் ஒன்று என்று பார்த்தோமே. ஆகையால் ஒரு வழிகாட்டியில் பைத்தான் வரியில் சாய்கோடு இருப்பதைக் கண்டு, "விண்டோஸ் வாசகர்களுக்காக" என்று யாராவது நல்லெண்ணத்தோடு அதைத் திருப்பினால், ஓடிக்கொண்டிருந்த நிரலை நிறுத்தியவர் ஆவார்.

இது கற்பனை இல்லை. ஒரு மென்பொருளின் விண்டோஸ் கையேட்டைச் சரிபார்க்க எனக்கு அனுப்பியிருந்தார்கள். யாரோ ஒருவர் 'தேடி மாற்று' வசதியைத் திறந்து, எல்லாச் சாய்கோட்டையும் பின்சாய்கோடாக ஒரே அடியில் மாற்றியிருந்தார். இணைய முகவரிகள் எல்லாம் முதுகு வளைந்து கிடந்தன. கட்டளைகளுக்குப் பின்னால் வரும் விருப்பங்கள் திரும்பியிருந்ததால், சரியாக இருந்த விண்டோஸ் கட்டளைகளும் கெட்டுப்போயின. அமைப்புக் கோப்புகளின் மாதிரியில் ஒவ்வொரு மூடும் குறியிலும் உள்ள சாய்கோடு திரும்பி, மாதிரி முழுக்க உடைந்திருந்தது. தேதிகள்கூடத் தப்பவில்லை. ஏறத்தாழ நானூறு இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பின்சாய்கோடு உண்மையில் தேவைப்பட்டவை அதில் நூறுகூட இல்லை.

அமைப்புக் கோப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அப்பாச்சி வலை வழங்கியை விண்டோஸில் நிறுவினாலும், அதன் அமைப்புக் கோப்பில் பாதைகளைச் சாய்கோட்டில்தான் எழுத வேண்டும் என்று அதன் அதிகாரபூர்வ ஆவணமே சொல்கிறது. கிட்டில் எந்தக் கோப்புகளைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று பட்டியலிடும் கோப்பிலும் அப்படித்தான். ஜேசான் வடிவத்தில் பின்சாய்கோட்டை எழுதினால் இரட்டித்தே ஆக வேண்டும். 'விண்டோஸ் என்றால் பின்சாய்கோடு' என்ற சூத்திரம் இங்கெல்லாம் பொய்த்துப்போகிறது. படிப்பது விண்டோஸ் அல்ல. விண்டோஸின் மேல் உட்கார்ந்திருக்கும் வேறொருவர்.

திருத்துகிறவர் எல்லாம் சரியாகச் செய்தும் பிழை உள்ளே வருவதுண்டு. இன்று பெரும்பாலான மென்பொருள் ஆவணங்கள் 2004இல் ஜான் க்ரூபர் வெளியிட்ட மார்க்டவுன் வடிவத்தில் எழுதப்படுகின்றன. அதிலும் பின்சாய்கோடு ஒரு சைகைதான். அடுத்து வருவது நிறுத்தக்குறியானால் பின்சாய்கோடு மறைந்து குறி மட்டும் நிற்கும். அலுவலக வலையில் இன்னொரு கணினியின் கோப்புறையைக் குறிக்க, பாதையின் தொடக்கத்தில் இரண்டு பின்சாய்கோடு போடுவோம். எழுதும்போது இரண்டும் இருக்கும். பக்கமாக மாறி வெளிவரும்போது ஒன்றுதான் இருக்கும், ஏனென்றால் முதலாவது இரண்டாவதைக் காக்கும் சைகையாகக் கரைந்துவிட்டது. புள்ளியிலோ அடிக்கோட்டிலோ தொடங்கும் கோப்புறைப் பெயர்களுக்கும் இதே கதி. பாதையை நிரல்வரியாகக் குறித்துவிட்டால் இந்த இழப்பு நேராது. அதனால் மூலத்தைத் திருத்தியதோடு நான் நிறுத்துவதில்லை. வெளிவந்த பக்கத்தைத் திறந்து, அங்கிருந்து நகலெடுத்து, ஓட்டிப் பார்ப்பேன். இன்னொன்றும் பார்ப்பேன். பாதைகளைச் சாய்வெழுத்தில் அச்சிடும் வழக்கம் சில நூல்களில் இருக்கிறது. சாய்வெழுத்து எல்லாவற்றையும் வலப்பக்கம் தள்ளுவதால், இடப்பக்கம் விழ வேண்டிய பின்சாய்கோடு சில எழுத்துருக்களில் நெட்டுக்குத்தாக நிமிர்ந்துவிடுகிறது. புதிதாகப் படிக்கிறவருக்கு அது எந்தக் குறி என்றே தெரியாது.

குறியின் உருவம் மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் பெரிய சான்று. அங்கே 1969இல் வகுத்த எழுத்துத் தரத்தில், ஆஸ்கியின் 92ஆம் இடத்தைப் பின்சாய்கோட்டுக்குத் தராமல் யென் நாணயக் குறிக்குத் தந்தார்கள். அதனால் ஜப்பானிய விண்டோஸ் கணினிகளில் பாதைகள் நெடுங்காலமாக ¥ என்ற குறியோடு தெரிகின்றன. கொரியாவில் அதே இடத்தில் வோன் நாணயக் குறி. விண்டோஸுக்கு அது வெறும் 92, வேலை நடந்துவிடும். பாடநூல் எழுதுகிறவர் மட்டும் 'யென் குறியை அழுத்துங்கள்' என்று எழுத வேண்டியிருக்கும். இதைவிடத் தொல்லை கொடுத்தது அவர்களுடைய இரட்டை பைட் எழுத்துமுறை. 'அட்டவணை' என்ற சொல்லில் வரும் ஒரு சாதாரண எழுத்தின் இரண்டாம் பைட்டும் 92தான். அந்த முறையைச் சரியாக அறியாத நிரல்கள், எழுத்தின் பின்பாதியைப் பாதையின் பிரிப்பாக எடுத்துக்கொண்டு பெயரை நடுவில் அறுத்தன. கோப்புப் பெயரில் எந்தெந்த எழுத்துகளைத் தவிர்ப்பது என்ற பட்டியலையே ஜப்பானிய நிரலாளர்கள் கைவசம் வைத்திருந்தார்கள்.

கோட்டைத் தவறாகப் போட்டது பெரிய நிறுவனங்களின் மென்பொருளிலும் நடந்திருக்கிறது. ஜிப் கோப்புகளுக்கான விவரக்குறிப்பு, உள்ளே இருக்கும் பாதைகள் சாய்கோட்டில்தான் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் கட்டமைப்பில் ஜிப் உருவாக்கும் ஒரு பகுதி, 2015இல் 4.6.1 பதிப்பு வரும்வரை, பின்சாய்கோட்டைப் போட்டு வந்தது. விண்டோஸில் திறந்தால் வேறுபாடே தெரியாது. லினக்ஸில் பின்சாய்கோடு கோப்பின் பெயருக்குள் வரக்கூடிய சாதாரண எழுத்து. அங்கே பிரித்தால் கோப்புறைகள் உருவாகாமல், பெயரிலேயே பின்சாய்கோடு தொங்கும் கோப்புகள் வரிசையாக விழுந்தன.

கோட்டை மட்டும் திருத்தினால் போதாத இடங்களும் உண்டு. பைத்தானில் ஒரு திட்டத்துக்கெனத் தனிச் சூழல் உருவாக்கினால், அதைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல் லினக்ஸில் 'பின்' என்ற கோப்புறைக்குள் இருக்கும். விண்டோஸில் அதே நிரல் 'ஸ்கிரிப்ட்ஸ்' என்ற கோப்புறைக்குள். கோட்டைத் திருப்பிவிட்டு 'பின்' என்பதை அப்படியே விட்டால், வரி அழகாக இருக்கும், ஓடாது. பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணம் இதை நன்றாகக் கையாண்டிருக்கிறது: எந்தத் தளம், எந்தச் சாளரம், எந்தக் கட்டளை என்று ஒரு சிறு அட்டவணை. வாசகர் தன் வரியைத் தானே தேடி எடுத்துக்கொள்வார்.

அக்கா மகளின் வழிகாட்டிக்கு நான் எழுதி அனுப்பிய திருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். அதிலும் ஒரு தேர்வு இருந்தது. லினக்ஸில் புள்ளியும் சாய்கோடும் போடுவதற்குக் காரணம், நாம் நிற்கும் கோப்புறையிலேயே நிரலைத் தேடும் வழக்கம் அதற்கு இல்லை என்பது. 'இங்கேயே இருப்பது' என்று சுட்டிக்காட்ட வேண்டும். கமாண்ட் பிராம்ப்ட் நிற்கும் கோப்புறையில்தான் முதலில் தேடும், அங்கே புள்ளியே வேண்டாம், பெயரை மட்டும் அடித்தால் ஓடும். பல வழிகாட்டிகள் விண்டோஸுக்கு அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் பவர்ஷெல் இந்த விஷயத்தில் லினக்ஸ் பக்கம். வெறும் பெயரை அடித்தால் ஓட்டாது. புள்ளியும் பின்சாய்கோடும் சேர்த்து .\ என்று தொடங்கி எழுதினால் விண்டோஸின் அந்த இரண்டு சாளரங்களிலும் ஓடும். எனவே 'லினக்ஸ், மேக், கிட் பாஷ்' என்று தலைப்பிட்டுப் பழைய வரியை அப்படியே வைத்தேன். அதன் கீழே 'விண்டோஸ்: கமாண்ட் பிராம்ப்ட் அல்லது பவர்ஷெல்' என்று இன்னொரு வரி. இரண்டையும் நிரல்வரியாகக் குறித்தேன்.

அனுப்புவதற்கு முன் அவளிடம் கொடுத்தேன். இரண்டாவது வரியை நகலெடுத்து, காலையிலிருந்து திறந்தே கிடந்த அந்தக் கறுப்புச் சாளரத்தில் ஒட்டினாள். கிரேடில் தனக்கு வேண்டியவற்றைத் தரவிறக்கத் தொடங்கியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ ஜாவா சரியாத்தான் இருந்துச்சா மாமா?" என்று கேட்டாள்.

"முதல் தடவை போட்டப்பவே சரியாத்தான் இருந்துச்சும்மா" என்றேன்.